தூத்துக்குடிக் கல்லுப்பில் கடல் தொட்டி வைக்கலாமா?

கேள்வி, 9 மார்ச் 2024

வீடு பசுமலைப் பக்கம். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி செய்து வைத்திருக்கிறேன், ஏறக்குறைய 190 லிட்டர். தங்க மீன் வளர்த்து அலுத்துவிட்டது. பவளம், க்ளவுன் மீன் என்று கடல் தொட்டி ஆரம்பிக்க ஆசை. கடல் நீர் கலக்க விற்கும் சால்ட் மிக்ஸ் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. தூத்துக்குடிக் கல்லுப்பும் கடலிலிருந்துதானே வருகிறது? உப்பு எல்லாம் ஒன்றுதான் என்பது என் கட்சி. இன்னொன்று, நாளாக நாளாகத் தொட்டியில் உப்பு இறங்கிவிடும், வாரம் ஒரு கைப்பிடி போட வேண்டும் என்கிறான் நண்பன். தொட்டிக்குள் நீரை ஓடவைக்கும் வேவ்மேக்கர் மோட்டார் எத்தனை லிட்டரில் வாங்குவது? அனுபவப்பட்ட அண்ணன்மார் சொல்லுங்கள்.

10 மார்ச்

கல்லுப்பு வேண்டாம் தம்பி.

ஒரு கிலோ கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கும். அதில் சோடியமும் குளோரைடும் மட்டும் 30 கிராம். மிச்சம் 5 கிராமில்தான் விஷயமே இருக்கிறது. சல்ஃபேட் 2.7, மக்னீசியம் 1.3, கால்சியம் 0.4, பொட்டாசியம் 0.4, அப்புறம் பைகார்பனேட், புரோமைடு, ஸ்ட்ரான்சியம் என்று துளித்துளியாக.

உப்பளத்தில் என்ன செய்கிறார்கள்? நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிடுகிறார்கள். சுண்ணாம்பும் ஜிப்சமும் முதல் பாத்திகளிலேயே படிந்துவிடும். கால்சியம் பெரும்பாலும் அதோடு போச்சு. உப்பு நீரின் அடர்த்தியைச் சொல்லும் போமே கணக்கில் 25 டிகிரி வந்ததும் உப்பு விளையும். 29, 30 டிகிரியை எட்டும்போது மிச்ச நீரை வெளியே விட்டுவிடுவார்கள், மக்னீசியம் சேர்ந்தால் உப்பு கசக்கும், ஈரம் இழுக்கும் என்பதால். உப்பளக்காரர் எவ்வளவு கெட்டிக்காரரோ அவ்வளவுக்கு அந்த உப்பில் பவளத்துக்கு வேண்டியது இருக்காது. சமையலுக்கு அருமை. தொட்டிக்கு வெறும் சோடியம் குளோரைடு.

190 லிட்டருக்கு முதல் தடவை 7 கிலோவுக்குக் கிட்டே மிக்ஸ் ஆகும் (லிட்டருக்கு 35 முதல் 38 கிராம், பையில் ஈரம் ஏறியிருப்பதைப் பொறுத்து). அதன்பின் வாரம் 20 லிட்டர் மாற்றினால் முக்கால் கிலோ. செலவு உப்பில் அல்ல. ஏ.சி., கரண்ட் பில் என்று வேறு வழியில் வரும், பயப்பட அதை வைத்துக்கொள்ளுங்கள்.

10 மார்ச், இரவு

நண்பர் சொன்ன கைப்பிடிக் கணக்குக்கு வருகிறேன். அது தலைகீழ்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியை விட்டு எங்கேயும் போவதில்லை. ஆக நாளாக நாளாக உப்பு ஏறும், இறங்காது. 200 லிட்டர், 35 பி.பி.டி.யில் (கிலோ நீருக்கு 35 கிராம் உப்பு) இருக்கிறது என்று வையுங்கள். 6 லிட்டர் வற்றினால் 36க்கு மேல் போய்விடும். மூன்று நாள் கவனிக்காமல் 18 லிட்டர் வற்றவிட்டால் 38.5. இந்த நேரத்தில் நண்பர் வந்து ஒரு கைப்பிடி போட்டால் உங்கள் க்ளவுன் மீன் கருவாடு.

வற்றியதற்கு ஈடாக ஊற்ற வேண்டியது நன்னீர். உப்பு கலந்த நீர் அல்ல. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உப்புப் பாடத்தில் பாதி முடிந்தது. உப்பு நீர் கலக்குவது வாரம் ஒரு நாள் வேலை, நன்னீர் தினசரி வேலை. மதுரை வெயிலில் கடல் தொட்டி வைப்பவன் உப்பைவிட நன்னீரைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கும்.

உப்பு குறையவும் சில வழிகள் உண்டு. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் கோப்பையில் வெளியேறுவது உப்பு நீர்தான். நுரை நீர்த்து வரும்படி அதை ஓடவிட்டு, குறைந்ததை நன்னீரால் நிரப்பிக்கொண்டே வந்தால் மெல்ல இறங்கும். விளிம்பிலும் மூடியிலும் வெள்ளையாகப் பூத்து உதிர்வதும் அப்படித்தான். ஆனால் இவை மாதக் கணக்கில் தெரிவது. ஆவியாதல் அன்றன்றைக்கு.

12 மார்ச்

"எந்த நன்னீர்?" என்று மேலூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ஏனென்றால் நம் ஊரில் போர் தண்ணீரை நேரே ஊற்றினால் வற்றிய தண்ணீரோடு சேர்த்து ஒரு புதுப் பிரச்சினையையும் ஊற்றியதாகும். அதில் இருக்கும் கால்சியம், நைட்ரேட், சிலிக்கேட் எதுவும் ஆவியாகாது. வற்றியதை நிரப்பும் ஒவ்வொரு டாப்-அப்பிலும் சேர்ந்துகொண்டே போகும். மூன்று மாதத்தில் பழுப்புப் பாசி கண்ணாடியை மூடும்போது லைட்டைத் திட்டிப் பயனில்லை. கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீர் உப்பில் பரவாயில்லை, ஆனால் குளோரின் இருக்கும்.

வீட்டு ஆர்.ஓ. போதுமா? நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பாருங்கள். பல வீட்டு மெஷின்களில் ருசிக்காக ஒரு கன்ட்ரோலர் வைத்து, வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்தே விடுகிறார்கள். 60, 80 என்று காட்டும். சர்வீஸ்காரரிடம் அதை அடைக்கச் சொன்னால் விசித்திரமாகப் பார்ப்பார், பரவாயில்லை. மினரல் கார்ட்ரிட்ஜ் இருந்தால் அதற்கு முன்னால் குழாயைப் பிரித்து எடுங்கள். கடைசியில் மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குடுவை ஒன்று போட்டால் மீட்டர் 0 காட்டும். கேன் தண்ணீரும் ஒருவகை ஆர்.ஓ.தான், ஆனால் கேனுக்குக் கேன் மாறும். அளக்காமல் ஊற்றாதீர்கள்.

பித்தளை டேப், செம்புக் குடம் வழியாக வந்த தண்ணீர் வேண்டவே வேண்டாம். செம்பு மீனைவிட இறாலையும் பவளத்தையும் வேகமாகக் கொல்லும். ஆயாவின் செம்புக் குடம் பூஜை அறையிலேயே இருக்கட்டும்.

12 மார்ச், அப்புறம்

டி.டி.எஸ். மீட்டரைக் கடல் நீரில் விட்டு "எரர் வருது அண்ணே" என்கிறார் அதே மேலூர்க்காரர். வரும். அது குடிநீருக்கு. கடல் நீரின் மின்கடத்தல் 25 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 53 மில்லிசீமென்ஸ், அந்த மீட்டரின் எல்லை எங்கோ கீழே முடிந்துவிடுகிறது.

15 மார்ச்

பால் சொசைட்டி லாக்டோமீட்டரை வைத்து அளக்கலாமா என்று ஒரு கேள்வி. சிரிக்க ஆரம்பித்தேன். அப்புறம் யோசித்தால், கேட்டவர் முட்டாள் இல்லை.

லாக்டோமீட்டர் அளப்பது ஒப்படர்த்தியைத்தான், அதாவது நன்னீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்பதை. 28 என்று காட்டினால் 1.028. நமக்கு வேண்டிய 35 பி.பி.டி. நீர் 1.026, அதாவது 26. அளவுகோல் அப்படியே பொருந்துகிறது! ஆனால் சூட்டைப் பாருங்கள். சில மானிகள் 15.5 டிகிரி செல்சியஸுக்கென்று அளவுக் கோடு அடித்தவை, சில நம் ஊர்ச் சூட்டை ஒட்டி 29 டிகிரிக்கு. 15.5க்கு அடித்த மானியை 29 டிகிரித் தொட்டி நீரில் விட்டால், நீர் சரியான 35 பி.பி.டி.யில் இருந்தாலும் 23 என்றுதான் நிற்கும். அதை நம்பி 26 வரும்வரை உப்பு கொட்டினால் 39 பி.பி.டி. ஆகியிருக்கும். 29க்கு அடித்ததானால் 26ஐ ஒட்டி நிற்கும். மானியின் தண்டில் எந்தச் சூடு என்று எழுதியிருக்கும், படித்துவிட்டுப் பேசுங்கள்.

அவசரத்துக்குப் பரவாயில்லை. பிறகு அதைப் பாலில் விடாதீர்கள்.

17 மார்ச்

சரி, எதை வாங்குவது?

கடையில் முதலில் கையில் கொடுப்பது பிளாஸ்டிக் பெட்டிக்குள் முள் ஆடும் ஹைட்ரோமீட்டர். விலை குறைவு. முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினால் போதும், தூக்கிக் காட்டும். உப்புப் படிந்தால் இறக்கிக் காட்டும். தட்டி, கழுவி, மறுபடி அளந்து... எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

நீரில் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்து உப்பைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். இரண்டு சொட்டு விட்டு, மூடி, அரை நிமிடம் விட்டு, வெளிச்சத்தில் பாருங்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மலிவாக வரும் பலவும் வெறும் சோடியம் குளோரைடுக் கரைசலுக்கு அடித்த அளவுகோல். அதில் 35 பி.பி.டி. கடல் நீர் 36.5 என்று தெரியும். ஆர்.ஓ. தண்ணீரில் 0 வைத்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்கிறோம், 0வில் சரியாக இருந்து 35இல் ஒன்றரை தள்ளி நிற்கும். ஆகவே 0வில் அல்ல, 35இலேயே சரிபார்க்க வேண்டும். அதற்கென்று 35 பி.பி.டி. கரைசல் குப்பியில் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் 36.5 கிராம் உப்பை 963.5 கிராம் ஆர்.ஓ. நீரில் கரையுங்கள். அதன் ஒளிவிலகல் 35 பி.பி.டி. கடல் நீரோடு ஒத்துப்போகும். அதை விட்டு, திருகைத் திருப்பி 35இல் கொண்டுவந்து நிறுத்தினால் முடிந்தது.

கவனித்தீர்களா, அந்த 36.5 கிராமுக்குச் சமையலறைத் தூள் உப்பே போதும். பசுமலைத் தம்பியின் உப்புக்கும் கடைசியில் ஒரு வேலை கிடைத்துவிட்டது.

இன்னொன்று, இந்தக் கருவிகளின் தானியங்கிச் சூட்டுத் திருத்தம் பொதுவாக 10 முதல் 30 டிகிரிக்குள்தான். மே மாதம் மதியம் மாடி அறையில் 36 டிகிரியில் நின்று அளந்துவிட்டு "நேற்று 35, இன்று 33" என்று பதறாதீர்கள். காலையில் அளங்கள், தினமும் ஒரே நேரத்தில்.

21 மார்ச்

வேவ்மேக்கர். தம்பி கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

பொதுவாகச் சொல்லும் கணக்கு, மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப் போல 20 மடங்கு. 200 லிட்டருக்கு 4000. ஒரே 4000ஐ விட இரண்டு 2000 நல்லது, எதிரெதிர் மூலையில், கொஞ்சம் மேல் நோக்கி. இரண்டு ஓட்டமும் நடுவில் மோதிக் கலைய வேண்டும். கீழே வைக்கும் துணைத் தொட்டியான சம்ப்பிலிருந்து நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் மோட்டார் இந்தக் கணக்கில் சேராது. அதற்கு 3 முதல் 5 மடங்கு போதும்.

மோட்டார் அட்டையில் போட்டிருக்கும் லிட்டர், உயரம் 0 என்று வைத்து எழுதியது. ஒன்றேகால் மீட்டர் ஏற்றினால் பாதிகூட வராமல் போகலாம். 10 லிட்டர் வாளியைக் குழாய் முனையில் பிடித்து எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 40 நொடி என்றால் மணிக்கு 900 லிட்டர். அட்டையைவிட வாளி நம்பகமானது.

22 மார்ச்

நேற்று எழுதிய 20 மடங்கைப் படித்துவிட்டு ஒருவர் காளான் பவளத்தின் நேரே வேவ்மேக்கரைத் திருப்பி வைத்து, "சுருங்கிவிட்டது" என்று படம் போட்டிருக்கிறார். சுருங்காமல் என்ன செய்யும்? முகத்துக்கு நேரே டேபிள் ஃபேனை வைத்துக்கொண்டு சோறு தின்ன முடியுமா?

எண்ணை விடுங்கள், உயிரைப் பாருங்கள். ஓட்டம் எதற்கு? பவளம் எழுந்து நடக்காது. இரை அதனிடம் வர வேண்டும், கழிவு அதனிடமிருந்து போக வேண்டும், பிராணவாயு அதன் தோலைத் தொட வேண்டும். அசையாத நீரில் அதன் மேல் ஒரு மெல்லிய படலம் தேங்கி நின்றுவிடும், அதைக் கலைக்கத்தான் ஓட்டம். காளானுக்குச் சும்மா தடவிப் போனால் போதும். ஜோவாந்தஸ் பவளத்துக்கு நடுத்தரம். லெதர் பவளம் அவ்வப்போது மெழுகுபோல ஒரு தோலை உரிக்கும், அதை அடித்துக்கொண்டு போகும் அளவுக்கு வேண்டும். சாய்ந்து மீண்டு, சாய்ந்து மீண்டு ஆடினால் சரி. ஒரே பக்கமாகச் சாய்ந்தே கிடந்தால் ஓட்டம் நேராக அடிக்கிறது என்று அர்த்தம்.

தேங்கும் இடத்தைக் கண்டுபிடிக்கத் தீனித் துணுக்கைத் தூவிவிட்டு அது எங்கே போய் உட்கார்கிறது என்று பாருங்கள். பாறைக்குப் பின்னால் போய்ப் படுக்கிறதா, சிவப்புக் கொழகொழப்பு அடுத்த மாதம் அங்கேதான் வரும். பாறையைக் கண்ணாடியோடு ஒட்டி அடுக்காமல் பின்னால் ஒரு கை நுழையும் இடம் விடுங்கள். பூப்போல விரியும் கடல் உயிரான அனிமோனி வைக்கும் ஆசை இருந்தால் வேவ்மேக்கருக்குக் கூண்டு போடாமல் வைக்காதீர்கள். அது நகர்ந்து நகர்ந்து நேரே அதற்குள் போகும், பிறகு தொட்டி முழுக்கக் கூழ். க்ளவுன் மீனுக்கு அனிமோனி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

30 மார்ச்

"ராமேஸ்வரம் போகிறோம், பாறை பொறுக்கி வரவா?" என்று தனிச்செய்தி. பொதுவிலேயே பதில் சொல்கிறேன்.

வேண்டாம். கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு உள்ள அதே அட்டவணை. கடல் விசிறியும் கடல் குதிரையும் கடல் அட்டையும் அப்படித்தான். செத்து வெளுத்துக் கரை ஒதுங்கிய துண்டானாலும் அது அந்த உயிரின் பகுதிதான். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாகிவிட்டன. செயற்கைப் பாறை கடையில் கிடைக்கிறது. காய்ந்து, வெள்ளையாக, அசிங்கமாகத்தான் இருக்கும். ஒரு வருடத்தில் ஊதாப் பாசி படிந்துவிடும். கடையில் உயிருள்ள பவளம் வாங்கினாலும் பில்லும் இறக்குமதித் தாளும் கேளுங்கள். முகம் சுளித்தால் நடையைக் கட்டுங்கள்.

போகிற வழியில் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. அங்கே உள்ள மீன் காட்சியகத்தைப் பாருங்கள். பாறையைவிட அது பிரயோஜனம்.

20 ஏப்ரல்

சித்திரைத் திருவிழா. வீடு நிறைய சொந்தக்காரர்கள். என்னிடம் ஒரு பழைய மோர்க் குடுவை உண்டு, அதில் டாப்-அப் நீர் வைத்திருப்பேன். அத்தை பாவம், குடிநீர் என்று நினைத்துப் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டார். 0 டி.டி.எஸ். நீருக்கு ருசியே இருக்காது. "இதென்ன தண்ணி, ஒரு மண்ணும் இல்லாம" என்று என் பெரியப்பா சொன்னது ரசாயனப்படி மிகச் சரியான விமர்சனம்.

அழகர் பார்க்கப் போகும் நாளில் தொட்டி யார் பொறுப்பு என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். சம்ப் வைத்தவர்கள் பிரதான தொட்டியின் மட்டத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. அது குறையவே குறையாது. வற்றுவதெல்லாம் ரிட்டர்ன் மோட்டார் உட்கார்ந்திருக்கும் அறையில்தான் தெரியும். அங்கே ஒரு டேப் ஒட்டிக் கோடு போடுங்கள். பக்கத்து வீட்டுப் பையனிடம் "இந்தக் கோடு வரை இந்தக் கேனிலிருந்து ஊற்று, வேறு எதையும் தொடாதே" என்றால் புரிந்துகொள்வான். உப்புக் கணக்கை அவனுக்கு விளக்க ஆரம்பித்தால் அழகர் மலைக்கே திரும்பிவிடுவார்.

8 மே

அக்னி நட்சத்திரம். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: தொட்டி 31 டிகிரி, என்ன செய்ய?

நீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், பேச்சே இல்லை. இல்லாவிட்டால் மேற்பரப்பில் படுமாறு ஒரு சின்ன ஃபேன். மதுரைக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம். நம் வெயில் வறண்ட வெயில், ஆவியாதல் நன்றாக நடக்கும், 2, 3 டிகிரி இறங்கும். சென்னைக்காரர் இதே ஃபேனை வைத்துவிட்டு ஒன்றும் இறங்கவில்லை என்பார், காற்றில் ஏற்கெனவே ஈரம். 24 மணி நேரத்தில் 6 லிட்டர் ஆவியானால் தொடர்ந்து 170 வாட் அளவுக்குச் சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது என்று கணக்கு வருகிறது. சும்மா கிடைக்கும் சில்லர்.

சும்மா இல்லை, அந்த 6 லிட்டர்தான் விலை. ஃபேன் போட்ட அன்றே டாப்-அப் இரண்டு மடங்காகும். சூட்டிலிருந்து காப்பாற்றப் போய் உப்பில் விழுந்த தொட்டிகளை நம் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். மார்ச்சில் ஒரு நாளைக்கு ஒரு தடவை ஊற்றியவர்கள் மே மாதத்தில் காலையும் மாலையும் ஊற்றுங்கள்.

ஏறிவிட்டால் எப்படி இறக்குவது என்றும் கேட்டார்கள். 200 லிட்டர் 38இல் இருக்கிறது, 35 வேண்டும். 3ஐ 38ஆல் வகுத்தால் 8 சதவீதம். 16 லிட்டர் தொட்டி நீரை எடுத்துவிட்டு 16 லிட்டர் ஆர்.ஓ. ஊற்ற வேண்டும். ஒரே மூச்சில் அல்ல, இரண்டு மூன்று நாளாகப் பிரித்து. ஒப்படர்த்தியில் நாளுக்கு 0.001, மிஞ்சினால் 0.002. வெறுமனே வற்றித்தான் ஏறியது என்றால் எடுக்கவும் வேண்டாம், வற்றியதை மெல்ல நிரப்பினாலே போதும்.

கடலிலும் இந்த வருடம் இதே கதைதான். ஏப்ரல் நடுவில் உலக அளவில் நான்காவது பவள வெளிறல் என்று அமெரிக்கக் கடல்-வளிமண்டல நிறுவனம் அறிவித்தது. மன்னார் வளைகுடாப் பவளங்கள் 2010இலும் 2016இலும் வெளுத்தவை. அங்கே யாரும் ஃபேன் வைக்க முடியாது.

11 மே

மேலே சொன்னதில் ஒன்று சேர்க்க விட்டுப்போனது. சூடு ஏறினால் நீரில் கரையும் பிராணவாயு குறையும். 35 பி.பி.டி. நீர் 25 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 6.8 மில்லிகிராம் பிடிக்கும், 30 டிகிரியில் 6.2தான். நன்னீர் 25 டிகிரியில் 8.2 பிடிக்கும். தங்க மீன் தொட்டியில் தாங்கிய கூட்டம் இங்கே தாங்காது. கோடையில் ஒரு வேவ்மேக்கரை மேற்பரப்பு நன்றாகக் குலுங்கும்படி திருப்பி வையுங்கள், மேலே எண்ணெய்ப் படலம் நிற்கக்கூடாது.

2 ஜூன்

மாதாந்திர மின்நிறுத்தம். காலை 9 மணிக்குப் போனால் மாலைதான். இதைப் பற்றி யாரும் முன்கூட்டியே எழுதாததால் நான் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

கரண்ட் போனதும் முதலில் நடப்பது சம்ப் நிரம்புவது. மேல்தொட்டியின் நீர், சம்ப்புக்கு வழியும் தடுப்பின் மட்டம் வரை இறங்கும், ரிட்டர்ன் குழாய் முனை ஆழத்தில் இருந்தால் அதன் வழியே பின்னோக்கியும் உறிஞ்சிக்கொண்டு இறங்கும். 3 அடித் தொட்டியில் 2 அங்குலம் இறங்கினாலே 20 லிட்டர். சம்ப்பில் அந்த இடம் காலியாக இருக்கிறதா? இல்லையென்றால் ஹாலில் கடல். முனையை நீர் மட்டத்துக்குச் சற்றே கீழே வைத்து, மட்டத்தை ஒட்டிக் குழாயில் ஒரு சிறு ஓட்டை போடுங்கள், காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். அந்த ஓட்டையை மாதம் ஒரு தடவை பல் குச்சியால் குத்திவிட வேண்டும், நத்தைக்கு அதை அடைப்பதில் தனி ஆர்வம். புதுத் தொட்டியில் மீன் விடுமுன் ஸ்விட்ச்சை நீங்களே அணைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

இரண்டாவது, பிராணவாயு. ஓட்டம் நின்றதும் மீன் மட்டுமல்ல, பாறையில் இருக்கும் கோடானுகோடி பாக்டீரியாவும் இருப்பதைத் தின்றுகொண்டே இருக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் எதை மாட்டுவது என்பதில் சண்டை வேண்டாம். லைட் வேண்டாம், ஸ்கிம்மர் வேண்டாம், ரிட்டர்ன் வேண்டாம், ஒரே ஒரு வேவ்மேக்கர். 15, 20 வாட் என்பது ஒரு பல்புக் கணக்கு, நாள் முழுக்க ஓடும். பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் ஏ.சி. வேவ்மேக்கர் உறுமும், சூடேறும். டி.சி. வேவ்மேக்கர் உத்தமம். இன்வெர்ட்டரே இல்லாதவர்கள் பேட்டரி காற்று மோட்டார் ஒன்று வாங்கி வையுங்கள். அதுவும் இல்லாத அன்று சொம்பில் மோந்து ஒரு அடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். கேலியாகச் சொல்லவில்லை, வேலை செய்யும்.

மூன்றாவது, தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக நிற்கும் கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள். மணிக்கணக்கில் நின்ற ஃபில்டருக்குள் நீர் கெட்டுப்போயிருக்கும். கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடாமல் அந்த நீரைக் கொட்டிவிட்டு ஓட்டுங்கள். மோட்டார்கள் எல்லாம் திரும்ப ஓடுகின்றனவா என்றும் தொட்டுப் பாருங்கள், சில முரண்டு பிடிக்கும்.

7 ஜூலை

பசுமலைத் தம்பி க்ளவுன் ஜோடி வாங்கிவிட்டார், வாழ்த்துகள். பையை மிதக்கவிட்டு அரை மணியில் விட்டுவிடலாமா என்கிறார்.

முதலில் பை நீரை அளங்கள். உப்பு மிச்சம், நோயும் கட்டுக்குள் இருக்கும் என்று பல கடைகளில் 1.019 சுற்றி வைத்திருப்பார்கள், அதாவது 25 பி.பி.டி. உங்கள் தொட்டி 35. மீனுக்கு உப்பு இறங்குவதைத் தாங்குவது எளிது, ஏறுவதைத் தாங்குவது கடினம். தனி டப்பாவில் கடையின் உப்பளவிலேயே நீர் கலந்து, காற்று விட்டு, சில நாளில் மெல்ல ஏற்றித் தொட்டிக்குக் கொண்டுவாருங்கள். அந்த நாட்களில் நோய் இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். இறால், நட்சத்திர மீன் வாங்கும்போது 35இல் வைத்திருக்கும் கடையாகத் தேடுங்கள், சொட்டுக் குழாயில் நேரம் எடுத்துப் பழக்குங்கள். உப்பு சட்டென்று மாறினால் முதலில் போவது அவைதான்.

மிக்ஸ் கலக்கும்போது நீரில் உப்பைப் போடுங்கள், உப்பின் மேல் நீரை ஊற்றாதீர்கள், கால்சியம் வெள்ளையாக உறைந்துவிடும். ராத்திரி முழுக்க மோட்டாரில் சுற்றவிட்டு மறுநாள் அளந்து ஊற்றலாம்.

25 ஆகஸ்ட்

தானியங்கி டாப்-அப். சென்சார் வைத்தது நல்லதா, ஃப்ளோட் வால்வா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. இரண்டும் ஒருநாள் மாட்டிக்கொள்ளும். கேள்வி, மாட்டிக்கொண்டால் எவ்வளவு நீர் உள்ளே போகும் என்பது. 20 லிட்டர் கேனிலிருந்து வந்தால் 200 லிட்டர் தொட்டி 35இலிருந்து 32க்குக் கொஞ்சம் கீழே வரும். பவளம் முகம் சுளிக்கும், பிழைத்துக்கொள்ளும். ஆர்.ஓ. மெஷினோடு நேரே இணைத்திருந்தால் அதற்கு எல்லையே கிடையாது. இணைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீர் மாற்றும்போது அதை அணைக்க மறந்தாலும் இதே கதி: நீங்கள் எடுக்க எடுக்க அது நன்னீரை நிரப்பிக்கொண்டிருக்கும்.

17 நவம்பர்

மண்டபத்தில் மச்சான் வீடு, கேனில் கடல் நீரே கொண்டுவந்தால் மிக்ஸ் செலவு மிச்சம்தானே என்று புதிதாக ஒருவர்.

மிச்சம்தான். ஆனால் இந்த மாதத்தில் வேண்டாம். வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் பாக் நீரிணைக்குள் இறங்கி வரும், மழை நீரும் சேரும், கலங்கலும் அதிகம். கோடையிலோ ஆழமில்லாத இடங்களில் 35க்கு மேலேயே இருக்கும். எப்போது எடுத்தாலும் துறைமுகம், ஓடை வாய், இறால் பண்ணைக் கால்வாய் பக்கம் எடுக்காமல், வடிகட்டி, மூடி இருட்டில் வைத்து, அளந்து, குறைவாக இருந்தால் மிக்ஸ் போட்டு ஏற்றிப் பயன்படுத்துங்கள். 200 லிட்டர் என்பது 205 கிலோ. 150 கிலோமீட்டர் காரில் ஏற்றிவரும் டீசல் கணக்கையும் மச்சான் வீட்டு விருந்துக் கணக்கையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சஸ்பென்ஷன் போனால் மிக்ஸ் விலையைப் பற்றிப் பேச மாட்டீர்கள்.

19 நவம்பர்

மழைக்காலத்தில் ஆவியாதல் பாதியாகிவிட்டது, ஆனால் பழக்கத்தில் கோடை அளவே ஊற்றிக்கொண்டிருப்பதாக இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். கோட்டைப் பார்த்து ஊற்றுங்கள், குடுவையைப் பார்த்து அல்ல. ஃபேனையும் இப்போது அணைக்கலாம்.

மிக்ஸ் பையின் வாயை இறுக்கிக் கட்டி மூடியுள்ள டப்பாவுக்குள் போடுங்கள், இந்த ஈரத்தில் ஒரே வாரத்தில் கல்லாகிவிடும். கல்லானதை உடைத்துப் போடும்போது கிராம் கணக்கை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். ஸ்விட்ச் பெட்டியைத் தொட்டிக்குக் கீழே வைத்திருப்பவர்கள் அதை இன்றே பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் ஒயர் ஒவ்வொன்றும் ப்ளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் போட்டு ஏறட்டும், வழியும் உப்பு நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.